முழு பேக்கப்பை வேறு கணினியில் ஏற்றும்போது நின்றுபோனால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகள், மண்ணடி இரும்புக் கடைகள், காசிமேட்டு ஐஸ் வியாபாரிகள், திருவொற்றியூருக்கும் மணலிக்கும் இடையே உள்ள கன்டெய்னர் கிடங்குகள். இவர்களுடைய பில்லிங், இருப்பு, கணக்கு மென்பொருள்களின் பின்னால் இருக்கும் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வதுதான் பல ஆண்டுகளாக என் பிழைப்பு. பெரும்பாலான இடங்களில் இருப்பது மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர். அதிலும் இலவசமாகக் கிடைக்கும் எக்ஸ்பிரஸ் பதிப்பு. பழைய கணினி தேய்ந்து புதியது வந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: பழையதில் முழு பேக்கப் எடுத்து, பென்டிரைவில் கொண்டுபோய், புதியதில் ஏற்றுவது. அது நின்றுபோகும் இடங்களும் கடைக்குக் கடை பெரிதாக மாறுவதில்லை.

நான் பார்த்தவரை இந்த வேலையில் டேட்டா கெட்டுப்போயிருப்பது அபூர்வம். கோளாறு பாதை, அனுமதி, பதிப்பு, பெயர், லாகின் இவற்றில் ஏதாவது ஒன்றில்தான் இருக்கும். அது தெரியாமல் பதற்றத்தில் எதையாவது அழுத்தி, நன்றாக இருந்த டேட்டாவைக் கெடுத்தவர்களைத்தான் அதிகம் சந்தித்திருக்கிறேன். ஆகவே முதலில் பிழைச் செய்தியை முழுதாகப் படியுங்கள். அதிலுள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே எந்த அறிகுறி பொருந்துகிறதோ அங்கே போங்கள். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்.

## தொடங்கும் முன்

பில் போடுவதை நிறுத்திவிட்டு பேக்கப் எடுங்கள். எடுத்த பிறகு பழைய கணினியில் போடும் ஒரு பில்கூடப் புதியதில் இருக்காது. எஸ்கியூஎல் சர்வரை நிர்வகிக்கும் நிரலான மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவின் பேக்கப் திரையில் ‘காப்பி ஒன்லி’ என்ற கட்டத்தில் டிக் போட்டால், கடையில் ஏற்கெனவே நடந்துவரும் பேக்கப் வரிசை குலையாது. ‘மீடியா ஆப்ஷன்ஸ்’ பக்கத்தில் செக்சம் (டேட்டா மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) பார்க்கச் சொல்லும் கட்டத்திலும், முடிந்ததும் சரிபார்க்கச் சொல்லும் கட்டத்திலும் டிக் போடுங்கள். கோப்புக்குத் தேதியோடு புதிய பெயர் வையுங்கள். பழைய கோப்பின் மீதே எழுத வேண்டாம். அதற்கான காரணம் ‘பழைய கணக்கு வருகிறது’ என்ற பகுதியில் இருக்கிறது.

நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மீன்பிடித் தொழிலை ஒட்டிய கடைகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலம் நல்ல நேரம். துணிக்கடைகள் தீபாவளியை ஒட்டிய மாதங்களில் கணினியை மாற்றவே வேண்டாம். ஏப்ரல் 1 அன்றே புதுக் கணினியில் புதுக்கணக்கு தொடங்க வேண்டும் என்பவர்கள், ஒரு வாரம் முன்பே ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிடுங்கள். அப்போது வருகிற பிழைகளுக்கு அவகாசம் இருக்கும்.

பழைய கணினியை ஒரு மாதம் அப்படியே வைத்திருங்கள். அதை யாருக்கும் கொடுக்கவோ, ஃபார்மேட் செய்யவோ வேண்டாம்.

## அறிகுறி: பேக்கப் கோப்பு திரையில் தெரியவே இல்லை, அல்லது 3201 என்ற பிழையும் ‘அணுகல் மறுக்கப்பட்டது’ என்ற செய்தியும் வருகிறது

இதைவிட எளிய கோளாறு இந்தக் கட்டுரையில் இல்லை. ஆனால் இதற்காகத்தான் அதிகம் பேர் என்னை அழைக்கிறார்கள்.

கோப்பு டெஸ்க்டாப்பிலோ டவுன்லோட்ஸிலோ இருக்கிறதா? உங்களுக்கு அது தெரியும், சர்வருக்குத் தெரியாது. எஸ்கியூஎல் சர்வர் உங்கள் பெயரில் ஓடுவதில்லை, தனக்கென்று ஒரு சேவைக் கணக்கில் ஓடுகிறது. உங்கள் சொந்தக் கோப்புறைகளைத் திறக்க அதற்கு உரிமை இல்லை. சர்வர் நிறுவப்பட்ட இடத்திலேயே ‘பேக்கப்’ என்ற கோப்புறை இருக்கும். கோப்பை அங்கே வைத்து மறுபடி முயலுங்கள்.

அங்கே வைத்தும் மறுக்கிறதா? நகர்த்தி வைத்தீர்களா, நகலெடுத்து வைத்தீர்களா என்று யோசியுங்கள். ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் கோப்பு தன் பழைய அனுமதிகளோடே வரும். நகலெடுத்தால் புதிய கோப்புறையின் அனுமதிகளைப் பெறும். நகர்த்தியிருந்தால் அதை வெளியே எடுத்து, நகலெடுத்து ஒட்டுங்கள். பல கடைகளில் இந்த ஒன்றிலேயே வேலை முடிந்திருக்கிறது.

வேறு கணினியிலிருந்து ரீஸ்டோர், அதாவது பேக்கப்பை ஏற்றும் கட்டளை, கொடுக்கிறீர்களா? கல்லாவில் இருக்கும் கணினியில் மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவைத் திறந்து உள் அறையில் இருக்கும் சர்வருக்குக் கட்டளை கொடுத்தால், ‘டி டிரைவ்’ என்பது சர்வரின் டி டிரைவையே குறிக்கும். கல்லாவில் செருகிய பென்டிரைவை அது பார்க்காது. நெட்வொர்க் டிரைவுக்கு நீங்கள் வைத்த எழுத்தும் அப்படியே. கோப்பைச் சர்வர் கணினிக்கே கொண்டுபோய்விடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மறுத்தால், கோப்புறையின் செக்யூரிட்டி பக்கத்தில் சர்வரின் சேவைக் கணக்குக்குப் படிக்கும் உரிமை கொடுக்க வேண்டும். கணக்கின் பெயரை விண்டோஸ் சர்வீசஸ் பட்டியலில் எஸ்கியூஎல் சர்வர் வரிசையில் காணலாம். பெரிய கிடங்குகளில் கணினிகள் தலைமை அலுவலகத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும். அங்கே அனுமதியை நீங்களாக மாற்றாமல் அவர்களுடைய ஆளை அழையுங்கள்.

## அறிகுறி: 3241, 3183 அல்லது 3189, அதாவது ‘கோப்பு சரியாக அமையவில்லை’ அல்லது ‘சேதம் கண்டறியப்பட்டது’

பயமுறுத்தும் செய்திதான். ஆனாலும் படியாகப் போங்கள்.

3241 வந்தால் முதலில் பதிப்பைப் பாருங்கள். புதிய பதிப்பில் எடுத்த பேக்கப்பை மிகப் பழைய சர்வரில் கொடுத்தாலும் இதே செய்தி வரலாம். கோப்பு நன்றாகவே இருக்கும், படிக்கத் தெரியாதது சர்வர்தான். பழைய கணினியிலும் புதியதிலும் மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவின் கட்டளைச் சாளரத்தில் ‘செலக்ட் @@வெர்ஷன்’ என்று கேட்டு ஒப்பிடுங்கள். மூலம் புதியது என்றால் அடுத்த அறிகுறிக்குப் போய்விடுங்கள்.

பதிப்பில் குறை இல்லை என்றால், பழைய கணினியிலேயே கோப்பைச் சோதியுங்கள். பென்டிரைவில் இருக்கும் நகலை விட்டுவிட்டு, முதலில் உருவான கோப்பின் மீது ‘ரீஸ்டோர் வெரிஃபைஒன்லி’ கட்டளையைச் செக்சம் சேர்த்து ஓட்டுங்கள். இங்கே வழி இரண்டாகப் பிரிகிறது.

*பழைய கணினியில் தேறுகிறது, புதியதில் தேறவில்லை:* சேதம் வழியில் நடந்திருக்கிறது. இரண்டு கணினிகளிலும் விண்டோஸின் கட்டளைத் திரையில் ‘செர்ட்யூட்டில் -ஹாஷ்ஃபைல்’ என்று அடித்து, கோப்பின் பெயரையும் ‘எஸ்ஹெச்ஏ256’ என்பதையும் கொடுங்கள். நீண்ட எண் வரிசை வரும். ஓர் எழுத்து மாறினாலும் இரண்டும் வேறு கோப்புகள்.

எங்கள் பக்கத்தில் இதற்குப் பென்டிரைவும் யுஎஸ்பி துளையும் முக்கியக் காரணம். ராயபுரம், காசிமேடு, எண்ணூர் என்று கடலை ஒட்டிய கடைகளில் உப்புக்காற்று உலோக முனைகளை அரித்துவிடுகிறது. நகலெடுத்துக்கொண்டிருக்கும்போதே இணைப்பு நொடிப்பொழுது விட்டுவிட்டு வரும். வேறு துளையில் செருகிப் பாருங்கள்; இயன்றால் நெட்வொர்க் வயர் வழியாகவே நகலெடுங்கள். எழுதி முடித்ததும் பாதுகாப்பாக வெளியேற்றும் கட்டளையைக் கொடுத்த பிறகே பென்டிரைவை உருவுங்கள். கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவ் அதை ஏற்காது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது பென்டிரைவில் இருப்பவை அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

*பழைய கணினியிலேயே தேறவில்லை:* புதிதாக இன்னொரு பேக்கப்பை வேறு டிரைவில் எடுத்துப் பாருங்கள். அது தேறினால் அதைப் பயன்படுத்தலாம். அதுவும் தேறாவிட்டால், அல்லது பேக்கப் எடுக்கும்போதே 823, 824 என்ற பிழைகள் வந்தால், பழைய கணினியின் டிஸ்க் மீதே சந்தேகம் வர வேண்டும். ‘டிபிசிசி செக்டிபி’ ஓட்டினால் சேதம் எவ்வளவு என்று தெரியும். அது பழுதுபார்க்கச் சொல்லி ஒரு வழியும் காட்டும். அதன் பெயரிலேயே டேட்டா இழப்புக்கு அனுமதி என்ற சொற்கள் இருக்கின்றன. தயவுசெய்து அதை ஓட்டாதீர்கள். கணினியை நிறுத்திவிட்டு நிபுணரை அழைக்க வேண்டிய இடம் இது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த மறுவாரம் வியாசர்பாடியில் ஒரு மொத்த வியாபாரியின் கடைக்குப் போனேன். மேசைக்குக் கீழே இருந்த கணினி முழுதும் நனைந்திருந்தது. மாடியில் இருந்த பென்டிரைவில் கடைசி பேக்கப் இருந்தது, ஏற்றினால் 3183. பொருத்திப் பார்க்க மூலக்கோப்பே இல்லை. அவருடைய மனைவி, “தம்பி, எங்கள் வீட்டு அலமாரியில் இன்னொன்று இருக்கிறதே” என்று நினைவுபடுத்தினார். அது பதினெட்டு நாள் பழையது, ஆனால் சுத்தமாக ஏறியது. இடைப்பட்ட பில்களைக் காகித நகல்களிலிருந்து நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து அடித்து முடித்தோம். அன்றிலிருந்து நான் பார்க்கும் எல்லாக் கடைகளுக்கும் இரண்டு பென்டிரைவ், இரண்டு வெவ்வேறு முகவரி என்று பிடிவாதமாகச் சொல்கிறேன்.

## அறிகுறி: 3169, பதிப்பு பொருந்தவில்லை

செய்தியில் இரண்டு பதிப்பு எண்கள் இருக்கும். 11 என்று தொடங்கினால் 2012. 12 என்றால் 2014. 13 என்றால் 2016. 14 என்றால் 2017. 15 என்றால் 2019. 16 என்றால் 2022. பழையதில் எடுத்ததைப் புதியதில் ஏற்றலாம். புதியதில் எடுத்ததைப் பழையதில் ஏற்ற எந்தக் குறுக்குவழியும் கிடையாது. ‘கம்பாட்டிபிலிட்டி லெவல்’ என்பதைக் குறைத்துவிட்டு பேக்கப் எடுத்தால் போதும் என்று சொல்வார்கள், போதாது.

எளிய தீர்வு, போய்ச் சேரும் கணினியில் அதே பதிப்பையோ அதற்கு மேற்பட்டதையோ நிறுவுவது. எக்ஸ்பிரஸ் இலவசம் என்பதால் செலவு நேரம் மட்டும்தான். மென்பொருள் விற்றவர் பழைய பதிப்பில்தான் ஓடும் என்று சொன்னால், முழு பேக்கப்பை விட்டுவிட்டு அட்டவணைகளையும் டேட்டாவையும் ஸ்கிரிப்டாகவோ பேக்பேக் (.bacpac) கோப்பாகவோ ஏற்றுமதி செய்ய வேண்டியிருக்கும். அதை மென்பொருள்காரரே செய்வது நல்லது.

எதிர்த்திசையிலும் ஓர் எல்லை உண்டு. எஸ்கியூஎல் சர்வர் 2000இல் இன்னமும் ஓடும் கடைகளை மண்ணடியில் பார்த்திருக்கிறேன். அந்த பேக்கப்பை 2012 அல்லது அதற்குப் பிந்தைய சர்வர் நேரடியாக ஏற்காது. இடையில் 2005 அல்லது 2008 சர்வரில் ஏற்றி, அங்கிருந்து மறுபடி பேக்கப் எடுக்க வேண்டும்.

## அறிகுறி: 5133 அல்லது 3156, ‘அந்தக் கோப்புறை இல்லை’; அல்லது 1834, ‘அந்தக் கோப்பு வேறு டேட்டாபேஸின் பயன்பாட்டில் உள்ளது’

பேக்கப்புக்குள் பழைய கணினியின் பாதைகளும் எழுதப்பட்டிருக்கின்றன. பழையதில் ஈ டிரைவ் இருந்தது, புதியதில் இல்லை, அவ்வளவுதான் விஷயம். ‘ரீஸ்டோர் ஃபைல்லிஸ்ட்ஒன்லி’ ஓட்டினால் உள்ளே இருக்கும் கோப்புகளின் உட்பெயர்களும் பழைய பாதைகளும் தெரியும். மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் ‘ஃபைல்ஸ்’ பக்கத்துக்குப் போய், எல்லாவற்றையும் ஒரே கோப்புறைக்கு மாற்றும் கட்டத்தில் டிக் போட்டுப் புதிய பாதையைக் கொடுங்கள். கட்டளையாக எழுதுபவர்கள் ஒவ்வொரு உட்பெயருக்கும் ‘மூவ்’ கொடுக்க வேண்டும்.

1834 வந்தால் ஒரே டேட்டாபேஸை இரண்டாவது பெயரில் ஏற்ற முயல்கிறீர்கள் என்று பொருள். டேட்டாபேஸின் பெயரை மாற்றினால் மட்டும் போதாது, கோப்புகளின் பெயரையும் மாற்ற வேண்டும்.

## அறிகுறி: 3154, ‘ஏற்கெனவே உள்ள டேட்டாபேஸ் வேறு’, அல்லது 3159, ‘லாக் கோப்பின் வால்பகுதி பேக்கப் எடுக்கப்படவில்லை’

இங்கே நில்லுங்கள். இந்த வழிமுறையை நான் எழுத உட்கார்ந்ததே இந்த ஓர் அறிகுறிக்காகத்தான்.

இந்த இரண்டு எண்களில் எது வந்தாலும், ‘ஓவர்ரைட் தி எக்ஸிஸ்டிங் டேட்டாபேஸ்’ என்ற கட்டத்தில் டிக் போட்டால் பிழை மறைந்துவிடும். வேலை நடந்துவிடும். ஏற்கெனவே அங்கே இருந்த டேட்டாபேஸ் முழுதும் அழிந்து, அந்த இடத்தில் பேக்கப்பில் இருப்பது உட்காரும். குப்பைத்தொட்டி என்று எதுவும் கிடையாது.

எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடை. உரிமையாளரின் மகன் புதுக் கணினியில் ஏற்றுவதாக நினைத்துக்கொண்டு, மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் இணைப்பு பழைய கணினியிலேயே இருப்பதைக் கவனிக்கவில்லை. கையில் இருந்தது நான்கு நாளுக்கு முந்தைய பேக்கப். பிழை வந்தது. டிக் போட்டான். என்னைத் தொலைபேசியில் அழைத்து, “அண்ணே, ஏறிவிட்டது, ஆனால் நேற்றுப் போட்ட பில் எதுவும் இல்லை” என்று சொன்னபோது அவன் குரலே மாறிப்போயிருந்தது. அவன் கவனக்குறைவான பையன் அல்ல. பிழையைப் போக்கும் வழியைத் திரையே காட்டியது, அதை நம்பினான்.

ஆகவே இந்தச் செய்தி வந்தால் இந்த வரிசையில் பாருங்கள்:

எந்தச் சர்வரில் இருக்கிறீர்கள்? ‘செலக்ட் @@சர்வர்நேம்’ என்று கேளுங்கள். நினைவை நம்ப வேண்டாம்.

அந்தப் பெயரில் அங்கே இருப்பது என்ன? மென்பொருளை நிறுவும்போது அது தானாகவே ஒரு காலி டேட்டாபேஸை உருவாக்கியிருக்கும். புதுக் கணினியில் 3154 வருவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். பில் அட்டவணையைத் திறந்து வரிசைகள் உண்டா என்று கண்ணால் பாருங்கள்.

காலி என்று தோன்றினாலும் அதை முதலில் பேக்கப் எடுங்கள். ஒரு நிமிட வேலை.

அதைவிட நல்லது, வேறு பெயரில் ஏற்றுவது. பெயரின் முடிவில் ‘புதிது’ என்று சேர்த்து, கோப்புப் பெயர்களையும் மாற்றி ஏற்றுங்கள். சரிபார்த்த பிறகு பழையதன் பெயரை மாற்றி, புதியதற்கு உரிய பெயரை வைக்கலாம். எதையும் அழிக்காமல் இடம் மாறிவிடும்.

3159 இன்னும் தெளிவான எச்சரிக்கை. லாக் என்பது டேட்டாபேஸில் நடக்கும் மாற்றங்களை வரிசையாகப் பதியும் கோப்பு. அங்கே இருக்கும் டேட்டாபேஸில் இதுவரை எந்த பேக்கப்பிலும் சேராத பதிவுகள் இருக்கின்றன என்று சர்வர் சொல்கிறது. ஆனால் டேட்டாபேஸ் ‘சிம்பிள்’ ரெகவரி முறையில், அதாவது லாக் பேக்கப் எடுக்காத முறையில், இருந்தால் இந்த எச்சரிக்கை வராது. எக்ஸ்பிரஸ் ஓடும் சிறு கடைகளில் நான் அதிகம் பார்ப்பது அந்த முறைதான். ஆகவே எச்சரிக்கை வரவில்லை என்பதால் பயமில்லை என்று எண்ண வேண்டாம்.

ஏற்கெனவே டிக் போட்டுவிட்டீர்களா? உடனே எல்லோரையும் மென்பொருளிலிருந்து வெளியேறச் சொல்லி, சர்வர் சேவையை நிறுத்துங்கள். எதையும் மறுபடி ஏற்ற முயல வேண்டாம். டிஸ்கில் புதிதாக எழுதப்படும் ஒவ்வொன்றும் மீட்கும் வாய்ப்பைக் குறைக்கும். நிபுணர் வரும்வரை அப்படியே இருக்கட்டும். அந்தத் துணிக்கடையில் மீட்க முடியவில்லை. பில் நகல்களும் ஜிஎஸ்டி விவரங்களும்தான் கைகொடுத்தன.

## அறிகுறி: 3101, ‘டேட்டாபேஸ் பயன்பாட்டில் உள்ளது’

மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் நீங்களே திறந்துவைத்த கட்டளைச் சாளரமாக இருக்கும். மூடுங்கள். அடுத்து கல்லாக் கணினிகளில் மென்பொருளை மூடச் சொல்லுங்கள். யாருமே இல்லை என்று உறுதியான பிறகும் வந்தால், ரீஸ்டோர் திரையில் இருக்கும் இணைப்புகளைத் துண்டிக்கும் கட்டத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் மேலே சொன்னது இங்கேயும் பொருந்தும்: யாரோ பயன்படுத்திக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் மீது ஏன் ஏற்றுகிறீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: 0 சதவீதத்திலேயே நிற்கிறது, அல்லது 3257, ‘இடம் போதவில்லை’

பேக்கப் கோப்பு 3 ஜிபிதான். 80 ஜிபி இடம் கேட்கிறது. சர்வர் தவறாகச் சொல்லவில்லை. முழு பேக்கப்பில் பயன்படும் பக்கங்கள் மட்டும் இருக்கும். ஏற்றும்போது மூலக்கோப்புகள் எவ்வளவு பெரியவையோ அவ்வளவு இடம் மீண்டும் ஒதுக்கப்படும். ‘ஃபுல்’ ரெகவரி முறையில் வைத்துவிட்டு லாக் பேக்கப்பே எடுக்காத கடைகளில் லாக் கோப்பு ஆண்டுக்கணக்கில் வீங்கிக் கிடக்கும். ‘ஃபைல்லிஸ்ட்ஒன்லி’ காட்டும் அளவில் அதைக் காணலாம்.

பொறுத்திருக்க முடிந்தால் பொறுங்கள். லாக் கோப்பு முழுவதையும் சர்வர் பூஜ்யத்தால் நிரப்பிய பிறகே சதவீதம் நகரும். சாதாரண ஹார்ட் டிஸ்கில் இது அரைமணி நேரம்கூட ஆகலாம். டிஸ்க் விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. இந்த நேரத்தில் மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். யுபிஎஸ் பேட்டரியைச் சோதித்துவிட்டு உட்காருங்கள்.

இடமே இல்லை என்றால், பழைய கணினியில் லாக் பேக்கப் எடுத்து, லாக் கோப்பை மட்டும் சுருக்கி, புதிய முழு பேக்கப் எடுங்கள். டேட்டா கோப்பைச் சுருக்க வேண்டாம். அது வேகத்தைக் கெடுக்கும்.

1827 என்ற பிழை வந்தால் அது வேறு விஷயம். எக்ஸ்பிரஸ் பதிப்பில் 2008 ஆர்2 முதல் 2022 வரை ஒரு டேட்டாபேஸின் டேட்டா கோப்புகளுக்கு எல்லை 10 ஜிபி. அதற்கு முன் 4 ஜிபி. லாக் கோப்பு இந்தக் கணக்கில் சேராது. பணம் கொடுத்து வாங்கும் பதிப்புக்கு மாறுவதா, பழைய ஆண்டுக் கணக்குகளைப் பிரிப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். பிரிக்கும் வேலையை மென்பொருள்காரரிடம் விடுங்கள்.

## அறிகுறி: ஏறி முடிந்தும் பெயருக்குப் பக்கத்தில் ‘ரீஸ்டோரிங்’ என்றே காட்டுகிறது

பின்னால் இன்னும் பேக்கப் வரும் என்று சொல்லி ஏற்றியிருக்கிறீர்கள். அதாவது ‘நோரெகவரி’ தேர்வு. வேறு பேக்கப் எதுவும் இல்லை என்றால் ‘ரீஸ்டோர் டேட்டாபேஸ்’ என்று அடித்து, டேட்டாபேஸின் பெயரைக் கொடுத்து, ‘வித் ரெகவரி’ என்று முடியுங்கள். கோப்பின் பெயர் தேவையில்லை. சில நொடிகளில் திறந்துவிடும். டிஃபரன்ஷியல் பேக்கப் (கடைசி முழு பேக்கப்புக்குப் பிறகு மாறியதை மட்டும் கொண்டது) ஒன்றைச் சேர்க்க வேண்டியிருந்தால் அதை முதலில் ஏற்றுங்கள். திறந்த பிறகு சேர்க்க முடியாது. இந்த நிலையைப் பார்த்துப் பயந்து டேட்டாபேஸை நீக்கிவிட வேண்டாம்.

## அறிகுறி: எல்லாம் ஏறியது, ஆனால் பழைய கணக்கு வருகிறது

இது பிழைச் செய்தியே இல்லாத கோளாறு. அதனால்தான் ஆபத்தானது. இரண்டு நாள் புதிய பில்கள் போட்ட பிறகுதான் யாராவது கவனிப்பார்கள்.

எஸ்கியூஎல் சர்வர் ஒரே கோப்பில் பல பேக்கப்புகளை அடுத்தடுத்துச் சேர்த்துக்கொண்டே போகும்; நாம் வேறு சொல்லாதவரை அதுவே அதன் வழக்கம். கட்டளை எழுதி ஏற்றும்போது எந்த வரிசை எண் என்று சொல்லாவிட்டால் முதலாவதை எடுத்துக்கொள்ளும். முதலாவது என்பது மிகப் பழையது.

‘ரீஸ்டோர் ஹெடர்ஒன்லி’ ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பேக்கப்புக்கும் ஒரு வரி வரும். ‘பொசிஷன்’ என்பது வரிசை எண். முடிந்த தேதி, டேட்டாபேஸ் பெயர், மூலச் சர்வரின் பெயர் எல்லாம் இருக்கும். ‘பேக்கப்டைப்’ 1 என்றால் முழு பேக்கப். 2 என்றால் லாக். 5 என்றால் டிஃபரன்ஷியல். தேவையான வரியின் எண்ணை ‘ஃபைல்’ என்ற இடத்தில் கொடுத்து ஏற்றுங்கள்.

ஹெடர் தேதி சரி, கணக்கு மட்டும் பழையது என்றால், பழைய கணினியில் இரண்டு சர்வர்கள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். எக்ஸ்பிரஸ் பெயரில் ஒன்று, மென்பொருள் தானே நிறுவிய ஒன்று என்று இருப்பது உண்டு. பயன்பாட்டில் இல்லாததை பேக்கப் எடுத்திருப்பீர்கள்.

ஏற்றி முடித்ததும் மூன்று எண்களைப் பழையதோடு ஒப்பிட்ட பிறகே கடையைத் திறக்கவிடுகிறேன்: கடைசி பில் எண், அன்றைய மொத்த விற்பனை, ஏதாவது ஒரு பெரிய வாடிக்கையாளரின் பாக்கி.

## அறிகுறி: டேட்டாபேஸ் திறக்கிறது, மென்பொருள் உள்ளே போக மறுக்கிறது

சர்வரையே காணவில்லை என்கிறதா? எக்ஸ்பிரஸ் பதிப்பில் டிசிபி ஐபி இணைப்பு தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். கான்ஃபிகரேஷன் மேனேஜரில் அதை இயக்கி, சேவையை நிறுத்தித் தொடங்குங்கள். எஸ்கியூஎல் பிரவுசர் சேவை ஓடுகிறதா, விண்டோஸ் ஃபயர்வாலில் 1433 டிசிபி போர்ட்டும் 1434 யுடிபி போர்ட்டும் திறந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பெயர் கொண்ட இன்ஸ்டன்ஸ் (ஒரே கணினியில் தனிப்பெயரில் ஓடும் சர்வர்) என்றால் போர்ட் எண் மாறியிருக்கும். அதையும் கான்ஃபிகரேஷன் மேனேஜரிலேயே காணலாம். பரிசோதனைக்காகக்கூட ஃபயர்வாலை முழுதாக அணைத்து வைக்காதீர்கள்.

18456 வருகிறதா? உண்மையான காரணம் சர்வரின் எரர் லாகில் ‘ஸ்டேட்’ எண்ணாக இருக்கும். 5 என்றால் அந்த லாகினே இல்லை. 8 என்றால் பாஸ்வேர்டு தவறு. 38 என்றால் கேட்ட பெயரில் டேட்டாபேஸ் இல்லை. 58 என்றால் சர்வர் விண்டோஸ் லாகின்களை மட்டும் ஏற்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது. மேனேஜ்மென்ட் ஸ்டூடியோவில் சர்வரின் செக்யூரிட்டி பக்கத்தில் இரண்டு வகை லாகினையும் ஏற்கும்படி மாற்றி, சேவையை நிறுத்தித் தொடங்குங்கள்.

லாகின் நுழைகிறது, டேட்டாபேஸ் மறுக்கிறதா? லாகின்கள் மாஸ்டர் டேட்டாபேஸில் வாழ்கின்றன. பயனர்கள் உங்கள் டேட்டாபேஸில் வாழ்கிறார்கள். பேக்கப்போடு பயனர் வந்துவிட்டார், லாகின் வரவில்லை. புதியதில் அதே பெயரில் லாகின் உருவாக்கினாலும் உள் அடையாள எண் வேறாக இருப்பதால் இரண்டும் சேராது. அப்போது மறுபடி பயனரை உருவாக்கப் போனால் 15023, ‘ஏற்கெனவே உள்ளது’ என்று வரும். ‘ஆல்டர் யூசர்’ என்று அடித்து, பயனர் பெயர், ‘வித் லாகின் =’, லாகின் பெயர் என்று முடித்தால் இரண்டையும் கோத்துவிடும். பயனரை அழித்துவிட்டு மறுபடி உருவாக்கினால் அவருக்குக் கொடுத்திருந்த உரிமைகளும் போய்விடும்.

இரவு நேரத்துத் தானியங்கி வேலைகளும் பிற சர்வர் இணைப்புகளும் இந்த பேக்கப்பில் வராது. அவற்றைத் தனியே எழுதிவைத்துப் புதியதில் அமைக்க வேண்டும்.

## அறிகுறி: தமிழ்ப் பெயர்கள் குழம்பித் தெரிகின்றன

ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து வருகிறதா? டேட்டா நலமாக இருக்கிறது, எழுத்துருதான் இல்லை. யூனிகோடு பரவுவதற்கு முன் எழுதப்பட்ட பில்லிங் மென்பொருள்கள் பாமினி, வானவில், டேப், டாம் போன்ற முறைகளில் தமிழைச் சேமித்தன. அந்த எழுத்துரு இருந்தால்தான் அது தமிழாகத் தெரியும். பழைய கணினியின் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து எடுத்துப் புதியதில் நிறுவுங்கள்.

கேள்விக்குறிகளாக வருகிறதா? பேக்கப் பக்கங்களை அப்படியே எடுத்துக்கொண்டு போகிறது, எழுத்தை மாற்றுவதில்லை. அந்தக் கேள்விக்குறி டேட்டாபேஸிலேயே சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பழையதில் பாருங்கள். யூனிகோடு ஏற்காத வார்சார் வகைப் பத்தியில் (அட்டவணையின் நெடுவரிசையில்) யூனிகோடு தமிழை இட்டால் உள்ளே நுழையும்போதே கேள்விக்குறியாகிவிடும். அந்த எழுத்துகளை மீட்க வழியில்லை. பத்தியை என்வார்சார் வகைக்கு மாற்றும் வேலை மென்பொருள்காரருடையது.

468, ‘கொலேஷன் முரண்பாடு’ வருகிறதா? கொலேஷன் என்பது எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி. டேட்டாபேஸின் கொலேஷனும் புதிய சர்வரின் கொலேஷனும் வேறு. தற்காலிக அட்டவணைகளோடு ஒப்பிடும் அறிக்கைகளில்தான் பெரும்பாலும் வெடிக்கும். சர்வரில் வேறு எதுவும் இன்னும் இல்லை என்றால், சரியான கொலேஷனோடு மறுபடி நிறுவுவதே சுலபம்.

## அறிகுறி: புதுக் கணினியில் முன்னைவிட மெதுவாக ஓடுகிறது

‘எஸ்பி_அப்டேட்ஸ்டாட்ஸ்’ ஓட்டுங்கள். சர்வர் டேட்டாவைத் தேடப் பயன்படுத்தும் புள்ளிவிவரங்களை அது புதுப்பிக்கும். விண்டோஸ் பவர் பிளான் சேமிப்பு முறையில் இருந்தால் மாற்றுங்கள். எக்ஸ்பிரஸ் 2016 முதல் 2022 வரை, டேட்டாவை நினைவகத்தில் வைக்க ஓர் இன்ஸ்டன்ஸுக்கு 1,410 எம்பிக்கு மேல் பயன்படுத்தாது. ஆகவே ராம் வாங்கிப் போட்டுக்கொண்டே போவதில் பயனில்லை.

## நிபுணரை அழைக்கும்போது

823, 824 வந்தாலோ, செக்டிபி சேதம் காட்டினாலோ, டிக் போட்டு அழித்துவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். 33111 என்ற பிழை வந்தாலும் அப்படியே. டேட்டாபேஸ் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, பழைய சர்வரின் சான்றிதழும் அதன் தனிச்சாவியும் இல்லாமல் யாராலும் திறக்க முடியாது. பழைய கணினி இன்னும் உயிரோடு இருந்தால் அங்கிருந்து எடுத்துவிடலாம்.

வருபவரிடம் இவற்றைக் கொடுத்தால் பாதி நேரம் மிச்சமாகும்: பிழைச் செய்தி முழுதும் தெரியும்படி ஒரு படம், இரண்டு கணினிகளின் பதிப்பு எண், ‘ஹெடர்ஒன்லி’, ‘ஃபைல்லிஸ்ட்ஒன்லி’ இரண்டின் விடைகள், இதுவரை நீங்கள் செய்தவற்றின் வரிசை. தவறாக எதையாவது அழுத்தியிருந்தால் அதையும் எழுதுங்கள். நான் போன இடங்களில் அதை மறைத்ததால் மட்டுமே வேலை இரண்டு நாள் இழுத்தது உண்டு. பேக்கப் கோப்பை அவர் கையில் கொடுக்கும் முன் இன்னொரு நகல் எடுத்து, உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.